கீரைப் பாத்தியில் உப்பைக் கழுவ எந்தத் தண்ணீர்?

மணலியில் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 1971இல். எண்ணூரில் அதற்கு முன்பே ஓர் உர ஆலை வந்துவிட்டது. ஆகவே வடசென்னையிலும் அதை ஒட்டிய மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்திலும் உள்ள சிறு விவசாயிகளுக்கு ரசாயன உரம் புதிய பொருளல்ல. உர மூட்டையைப் பற்றிப் பேசும் அளவில் பாதிகூட, பாத்தியின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும் உப்பைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

விதைத்த இரண்டு வாரத்தில் முளைக்கீரை வளராமல் நிற்கிறது. இலையின் நுனியும் ஓரமும் கருகுகின்றன. பாத்தி ஈரமாக இருக்கும்போதே உச்சிவெயிலில் செடி துவள்கிறது. உடனே, சத்து போதவில்லை என்று முடிவு கட்டி இன்னொரு கை யூரியா வீசப்படுகிறது. இது தவறான வைத்தியம். தழைச்சத்துக் குறைவாக இருந்தால் அடி இலைகள் முதலில் சீராக வெளிறி மஞ்சளாகும். ஓரம் கருகுவதும் ஈரத்தில் துவள்வதும் பெரும்பாலும் உப்பின் வேலை. மண் நீரில் உப்பு மிகுந்தால் வேரால் அந்த நீரை உறிஞ்ச முடிவதில்லை. அந்த நிலையில் போடும் யூரியாவும் மூரியேட் பொட்டாஷும் உப்புச் சுமையை மேலும் கூட்டுகின்றன. மூரியேட் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி எடை குளோரைடு என்பதை நினைவில் வைக்க வேண்டும். இத்தகைய நிலத்துக்குச் சல்பேட் பொட்டாஷ் விலை கூடினாலும் நல்லது.

உப்பு மிகுந்த மண்ணை நீர் பாய்ச்சிக் கழுவலாம் என்பது பழைய, சரியான சிபாரிசு. ஓரடி ஆழ மண்ணின் வழியே 15 சென்டிமீட்டர் நீர் இறங்கினால் உப்பில் சுமார் பாதி கீழே போகும். 30 சென்டிமீட்டர் இறங்கினால் ஐந்தில் நான்கு பங்கு போகும். ஒரேயடியாகத் தேக்குவதைவிட விட்டுவிட்டுப் பாய்ச்சினால் குறைந்த நீரிலேயே காரியம் ஆகும். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கழுவும் நீர் நல்ல நீராக இருக்க வேண்டும். கழுவிய நீர் வெளியேற வழி இருக்க வேண்டும். இவை இரண்டையும் பாராமல் 'நிறையத் தண்ணீர் விடுங்கள்' என்று மட்டும் சொல்வது இந்த வட்டாரத்தில் கெடுதலாகவே முடிகிறது.

மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது 1960களின் இறுதியிலேயே தெரியவந்தது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நீர் இறைத்த கிணறுகள் ஒருபுறம், பாசனக் கிணறுகள் மறுபுறம் என எல்லாம் சேர்ந்து இறைத்ததன் பலன் இது. பின்வந்த ஆண்டுகளில் உப்பு நீர் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

அப்படிப்பட்ட கிணற்று நீரின் மின்கடத்தும் திறன் 3 டெசிசைமன் என்று வைத்துக்கொள்வோம். (முன்பு மில்லிமோ என்று குறித்ததும் இதுவே.) அந்த நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கும். ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் ஒரு முறை பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர் நீர் செல்கிறது. அதாவது ஒரே பாய்ச்சலில் 400 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை! விவசாயி தன் கையால் போடும் உரம் இரண்டு மூட்டை. கிணறு கொண்டு வருவது எட்டு மூட்டை. இந்த நீரைக் கொண்டு எத்தனை முறை கழுவினாலும் மண்ணின் உப்பு அந்த நீரின் உப்பளவுக்குக் கீழே இறங்காது.

நல்ல நீரை விலைக்கு வாங்கிக் கழுவலாமா? ஒரு சென்ட் பாத்திக்கு 30 சென்டிமீட்டர் என்றால் 12,000 லிட்டர், அதாவது பெரிய டேங்கர் லாரி ஒன்று. கீரை விற்று அந்தக் காசு வராது. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுடன் சென்னைக்காக அமைக்கப்பட்டது. கீரைப் பாத்திக்கு அப்படியொரு வசதி கிடையாது. அதற்கு உள்ள நல்ல நீர் வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான். சென்னைப் பகுதியில் நவம்பர் மாதத்தில் மட்டும் சராசரியாக 35 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேலே சொன்ன ஓரடிக் கணக்குக்கு இது போதுமானது. ஆனால் வரப்பு உடைந்து நீர் ஓடிவிட்டால் பயனில்லை. நீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

ஆகவே செப்டம்பர் கடைசிக்குள் நிலத்தை உழுது சமன் செய்து, வரப்பை முக்கால் அடி உயர்த்தி, தாழ்ந்த பக்கத்தில் வடிகால் வெட்டி வைக்க வேண்டும். அந்த மாதங்களில் யூரியா கூடாது. போட்டால் அதுவும் கரைந்து கிணற்றுக்கே போகும். கடலோர மணல் நிலத்தில் கழுவும் வேலை விரைவில் முடியும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் களிமண்ணில் அவசரப்படக் கூடாது. உலர்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு டம்ளர் மழைநீரில் போட்டு, அசைக்காமல் விட்டுப் பார்க்கலாம். கட்டி கரைந்து, நீர் மறுநாளும் கலங்கலாகவே இருந்தால் அது களர்த் தன்மை. அந்த நிலத்துக்கு முதலில் ஜிப்சம், பிறகுதான் மழைநீர். ஜிப்சம் இன்றிக் கழுவினால் மண் இறுகி நீர் இறங்குவதே நின்றுவிடும். ஜிப்சம் எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய தாழ்வான நிலங்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் கழுவும் பேச்சுக்கே இடமில்லை. அங்கு மேட்டுப் பாத்தி அமைப்பதே வழி.

வெள்ள நீரை மழைநீர் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு கலந்து மணலி, எர்ணாவூர், எண்ணூர் பக்கம் பரவியதை எல்லோரும் அறிவர். எண்ணெயோ கன உலோகமோ படிந்த மண் தண்ணீரில் கழுவப்படாது. அத்தகைய நீர் ஏறிய பாத்தியில் சோதனை முடிவு வரும்வரை கீரை விதைக்காமல் இருப்பதே நேர்மை. அந்தக் கீரையைத் தின்பது ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள குழந்தைகள்.

மழை ஓய்ந்தபின் தொழு உரம் தாராளமாக இடலாம். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்து இட வேண்டும். கரும்பச்சை நிறத்துக்காக அறுவடைக்கு நான்கு நாள் முன்பு யூரியா தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதனால் கீரையில் நைட்ரேட் சேரும். கடைசி வாரத்தில் தழை உரத்தை நிறுத்திவிட வேண்டும். கிணறு கரிக்கும் கோடை மாதங்களில் முள்ளங்கியும் பீன்ஸும் வேண்டாம். பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த பாலக் ஓரளவு தாங்கும்.

2015 முதல் மண்வள அட்டை வழங்கப்படுகிறது. அதில் மின்கடத்தும் திறனுக்கு ஒரு வரி இருக்கிறது. 1க்குக் கீழே என்றால் அச்சமில்லை. மேலே போகப்போக முளைப்பு முதலில் கெடும். ஆனால் விவசாயியும், சில சமயம் அட்டையைக் கொடுப்பவரும், அந்த வரியைத் தாண்டி உர சிபாரிசுக்கே போய்விடுகின்றனர். கிணற்று நீரைப் பற்றி அந்த அட்டையில் ஒரு சொல்லும் இல்லை. கடலோர வட்டாரங்களில் நீர்ப் பரிசோதனை முடிவைப் பாராமல் உர சிபாரிசு எழுதக் கூடாது என்று வேளாண் துறை விதி செய்தால் தவறில்லை. அதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டை உர மானியத்தைவிடச் சிறியது.

அதுவரை விவசாயிகளே நீர் மாதிரி எடுக்கலாம். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் அலசி, ஒரு லிட்டர் பிடித்து, பெயரும் சர்வே எண்ணும் எழுதிய சீட்டுடன் மண் பரிசோதனை நிலையத்திலோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக் கொடுக்க வேண்டும். மே மாதம் ஒரு முறை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை. இரண்டு சீட்டுகளையும் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளவும்.