வெறுங்கடல் என்னும் பொய்

மன்னார் என்றதும் முத்தும் முருகைக்கல்லும் ஆவுளியாவும் நினைவுக்கு வருதல் வழமை. அரிப்பு, சிலாவத்துறைச் சலாபங்கள் பெற்ற புகழ் அத்தகையது. ஆயினும் இவை யாவும் ஆழங்குறைந்த கடலின் செல்வங்களே. தீவுக்கு வடக்கே பாக்குக் குடா சில பாக ஆழமே உடையது; தெற்கிலோ கண்டமேடை முடிந்ததும் கடலடி ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அவ்வாழத்தை உயிரற்ற வெறுங்கடல் எனக் கருதும் மனப்பாங்கு கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. அது பொய், தீங்கு விளைக்கும் பொய்.

கற்பிட்டிக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் கூட்டமாகக் காணப்படுகின்றன. கணவாய் தேடி ஆயிரம் மீற்றருக்கும் கீழே செல்லவும், ஒரு மணி நேரமளவு மூச்சடக்கவும் அவை வல்லன. பிராணவாயுவைத் தசைகளிலே சேமித்து, இதயத்துடிப்பைக் குறைத்து, நுரையீரல் சுருங்க அவை இறங்குகின்றன. இலங்கைக் கரைகளில் பதிவாகியுள்ள கூவியேயின் அலகுத் திமிங்கிலம் இவற்றையும் விஞ்சுவது. அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்று அமெரிக்கக் கடலில் 2,992 மீற்றர் ஆழம் சென்றமை 2014இலும், மற்றொன்று 222 நிமிடங்கள் நீருள் இருந்தமை 2020இலும் வெளியிடப்பட்டன. ஞாயிற்றின் ஒளி எட்டாத அவ்விருளில் எதிரொலியே அவற்றுக்குக் கண்.

காணப்படாதது இல்லாததாகிவிடாது என்பதற்கு இலங்கையே சான்று. 1963இல் இரத்மலானையில் ஒதுங்கிய அலகுத் திமிங்கிலமொன்றைத் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. இ. பி. தெரணியகல புதிய இனமென விவரித்தார். ஈராண்டுக்குள் பிறர் அதனை வேறோர் இனத்துள் அடக்கிவிட்டனர். மரபணுச் சான்று கொண்டு அது தனி இனமென மீண்டும் நிலைநாட்டப்பட்ட ஆண்டு 2014. இத்தீவின் கரையில் அறியப்பட்ட பேருயிர் ஒன்று அரை நூற்றாண்டு பெயரின்றிக் கிடந்தது!

இத்தகைய அறியாமையின் மீதுதான் மன்னார்ப் படுகை எண்ணெய்த் துண்டங்களாகக் கூறிடப்பட்டது. 2011இல் கெயான் லங்கா நிறுவனம் ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கும் மேற்பட்ட நீராழத்தில் துளையிட்டு இரு இடங்களில் இயற்கை வாயுவைக் கண்டது. 2015இல் விலகிச் சென்றது. வாயு அங்கேயே உள்ளது. அதனை நாடுவோரும் மீண்டும் வருவர். துளைக்குமுன் நிகழ்வது நில அதிர்வு அளவை. அழுத்திய காற்றை வெடிக்கவிடும் கருவிகள் சில விநாடிக்கொருமுறை, வாரக்கணக்கில் முழங்கும். செவியால் வாழும் விலங்கின் இல்லத்தில் இம்முழக்கம் சிறு செயலன்று.

திமிங்கிலங்கள் பண்டுதொட்டே கரையொதுங்குகின்றன, அதற்கு ஒலியைக் குறைகூறுவானேன் என்பர் சிலர். 1973இல் எதிர்க்கரையில் குலசேகரன்பட்டினத்தை அடுத்து 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியது உண்மை. 2016இல் திருச்செந்தூரை அடுத்து எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கியதும் உண்மை. ஆனால் இவ்வாதம் அவர்களையே திருப்பித் தாக்குகிறது. இயற்கையால் நேர்வது எது, மனிதனால் நேர்வது எது எனப் பிரித்தறிய, முழக்கத்துக்கு முந்திய கணக்கு வேண்டாமா? 2002இல் கனேரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. இறந்தவற்றின் உறுப்புகளில் வாயுக் குமிழிகளால் நேர்ந்த சிதைவு காணப்பட்டது. 2004இல் ஸ்பெயின் அங்கு கடற்படைச் சோனாரைத் தடைசெய்தது. சோனாரும் காற்றுவெடியும் ஒன்றல்ல. எனினும் ஆழ்கடல் விலங்கை ஒலி கொல்லக்கூடும் என்பது அங்கே நிறுவப்பட்டுவிட்டது.

வறிய நாட்டுக்கு வாயு வேண்டாமா என்பது அடுத்த வினா. வேண்டும், ஆனால் முறைமை வேண்டும். அளவைக்கு முன் ஓராண்டேனும் நீரடி ஒலிவாங்கிகளை இறக்கித் திமிங்கிலங்களின் ஒலியைப் பதிவுசெய்தல், அவை கூடும் காலத்தை விலக்குதல், கப்பலில் சார்பற்ற நோக்குநரை அமர்த்துதல் ஆகியன பெருஞ்செலவல்ல. யாழ்ப்பாணத்திலும் உருகுணையிலும் மீன்பிடியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. பேசாலை, வங்காலை மீனவரிடம் தலைமுறைகளாகத் திரண்ட கடலறிவு உள்ளது. இவ்விரண்டையும் இணைக்காத கல்வி எவருக்காக?

முத்துச் சலாபத்தை அளவின்றிச் சுரண்டியபின் சிப்பியின் வாழ்வை ஆராயத் தொடங்கியது முந்தைய ஆட்சி. அதே பிழையை ஆழ்கடலிலும் செய்வதற்கு இன்று அந்நியரைக் குறைகூற இயலாது. விற்பதற்குமுன் அறிதல் வேண்டும். அறியுமுன் விற்பவன் விற்பது தன் பொருளையன்று, வருந்தலைமுறையின் பொருளை.