பழைய பொட்டியும் 24 மெகாபிக்சலும்

"புதுசா கேமரா வாங்கியிருக்கேன், 24 மெகாபிக்சல். வீட்ல இருக்கறது பன்னெண்டு வருஷப் பழைய பொட்டி. தாங்குமா, இல்ல அதையும் மாத்தணுமா?"

கேமரா வாங்கற நண்பர்கள்ல பத்துக்கு எட்டு பேர் கேக்கற கேள்வி இது. யார்கிட்ட கேட்டாலும் பதில் ஒண்ணுதான்: "புதுசு வாங்கிடுங்க பாஸ், ஈஎம்ஐ இருக்குல்ல." பொட்டி தட்டியே பொழப்பை ஓட்டறவன்ங்கற முறையில இதுக்கு ஒரு மாத்துக் கருத்து சொல்லணும்னு ரொம்ப நாளா கை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு சனிக்கிழமை, மாட்டினீங்க :-)

என் கட்சியை மொதல்லயே சொல்லிடறேன். பழைய பொட்டி தாங்கும். கொஞ்சம் கைவேலையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தா நல்லாவே தாங்கும். ஆனா பழைய பொட்டி வச்சிருக்கறவங்க பயப்பட வேண்டிய விஷயம் வேகம் கிடையாது. அது வேற. கடைசியில வரேன்.

பழைய பொட்டின்னா எது?

ஆளாளுக்கு ஒரு பொட்டியை மனசுல வச்சுக்கிட்டு பேசினா சண்டைதான் வரும். அதனால ஒண்ணைப் பிடிச்சுக்குவோம். 2012 வாக்குல வந்த மூணாம் தலைமுறை கோர் ஐ5 லேப்டாப். ரெண்டு கோர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி சுத்தற ஹார்ட் டிஸ்க், 1366க்கு 768 திரை. நம்ம ஊர்ல பல வீட்ல இன்னும் துணி போட்டு மூடி வச்சிருக்கற ஐட்டம் இதுதான்.

இப்ப அதே 2012ல கேமரா பக்கம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. நிக்கான் டி3200 வந்துச்சு. கத்துக்குட்டிகளுக்கான கேமரா, அதுலயே 24 மெகாபிக்சல். அதே வருஷம் வந்த டி800ல 36 மெகாபிக்சல். அதுக்கும் முன்னாடி, 2008லயே கேனான் 5டி மார்க் 2 வந்து 21 மெகாபிக்சல்ல எடுத்துச்சு. அந்தப் படங்களையெல்லாம் அப்போ எதுல ஏத்தி வேலை பாத்திருப்பாங்க? கோர் 2 டுயோவுலயும் அதுக்கு அடுத்து வந்த பொட்டிகள்லயும்தான். கல்யாண ஆல்பமும் போட்டாங்க, பத்திரிகைக்கும் அனுப்பினாங்க.

2023ல வந்த கேனான் ஆர்50யும் 24 மெகாபிக்சல்தான். ஆக, படத்தோட அளவு பெருசா ஏறலை. ஏறினது மென்பொருளோட பசியும் நம்ம எதிர்பார்ப்பும்தான்.

எங்க முட்டுது?

எங்க தொழில்ல ஒரு பாலபாடம் உண்டு. எது மெதுவா ஓடுதுன்னு அளந்து பாக்காம எதையும் வேகப்படுத்தப் போகாதே. இங்கயும் அதையே பண்ணுவோம்.

24 மெகாபிக்சல்னா 6000க்கு 4000 புள்ளி. ஒரு புள்ளிக்கு மூணு நிறம், நிறத்துக்கு ரெண்டு பைட்டுன்னு வச்சா ஒரு படத்தை நினைவகத்துல விரிச்சுப் போட 144 எம்பி ஆகும். டார்க்டேபிள் மாதிரி மென்பொருள் இன்னும் துல்லியமா, புள்ளிக்கு 16 பைட் வச்சுக் கணக்குப் போடும். அப்போ முழுப் படத்துக்கு 384 எம்பி. வேலை நடக்கும்போது இந்த மாதிரி ரெண்டு மூணு பிரதி ஒரே நேரத்துல உள்ள இருக்கும்.

4 ஜிபி ரேம்ல விண்டோஸும் பிரவுசரும் சாப்பிட்டது போக மிச்சம் என்ன? கைல ஒட்டினதுதான். இடம் பத்தாம பொட்டி ஹார்ட் டிஸ்க்கைக் கடனுக்கு நினைவகமா எடுத்துக்கும். சுத்தற டிஸ்க்கால நொடிக்கு நூறு தடவை கூட இடம் மாறி மாறிப் படிக்க முடியாது. அப்பத்தான் அந்த விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்கும், மவுஸ் உறைஞ்சு நிக்கும், நாம "ப்ராசஸர் போயிருச்சு"ன்னு முடிவு கட்டுவோம். ப்ராசஸர் பாவம், டிஸ்க்கு எப்ப பதில் சொல்லும்னு சும்மா உக்காந்திருக்கும்.

அதனால முதல் செலவு ரெண்டே ரெண்டு. அந்தக் காலத்து லேப்டாப்புல ரெண்டு ரேம் சொருகற இடம் இருந்தா 16 ஜிபி வரை போகலாம், 8 ஜிபி போட்டாலே வித்தியாசம் தெரியும். அடுத்தது, சுத்தற டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி. பழைய டிஸ்க்கு நொடிக்கு 100 எம்பி படிச்சா இது 500 எம்பி பக்கம் படிக்கும். அதைவிட முக்கியம், இடம் மாறிப் படிக்கறதுல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டிடிஆர்3 ரேம் இப்ப பழசு பக்கம் போயிருச்சு, ஆனா ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கினா கிடைக்கும். ரெண்டும் சேர்ந்தாலும் புது லேப்டாப் விலையில ஒரு சின்னத் துண்டுதான்.

காசு ஆகாத வேலையும் ஒண்ணு இருக்கு. உள்ள இருக்கற ஃபேனைத் தூசி தட்டுங்க. பத்து வருஷத் தூசி அடைச்சு சூடேறினா ப்ராசஸர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். புது ப்ராசஸர் வாங்கினாலும் மூக்கை அடைச்சு வச்சா அதுவும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

வேலை பாக்கற முறை

மீதி எல்லாம் பழக்கம். ஒரு கணக்கு சொல்றேன். 1366க்கு 768 திரைன்னா மொத்தமே ஒரு மெகாபிக்சல் சொச்சம். முழு எச்டி திரைன்னாலும் ரெண்டுதான். அதாவது 24 மெகாபிக்சல் படத்தை நீங்க முழுசாப் பாக்கும்போது உங்க கண்ணுக்கு வர்றது அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. பாக்காத புள்ளிக்கு எதுக்கு பொட்டி மெனக்கெடணும்?

படம் பொறுக்கறதுல இருந்து ஆரம்பிங்க. கல்யாணத்துல 1500 படம் எடுத்தா அதுல தேறறது 300. அந்தப் பொறுக்கற வேலைக்கு ரா ஃபைலை முழுசா விரிக்கவே வேண்டாம். கேமரா ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளயும் ஒரு ஜேபெக் முன்னோட்டத்தைச் சொருகித்தான் வைக்குது. ஃபாஸ்ட்ஸ்டோன், டிஜிகேம் மாதிரி இலவச மென்பொருள்ல அந்த முன்னோட்டத்தை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னா பழைய பொட்டியிலயும் படங்கள் சடசடன்னு ஓடும்.

திருத்தும்போது லைட்ரூம்காரங்க ஸ்மார்ட் ப்ரிவியூ போட்டுக்கலாம். 2013ல லைட்ரூம் 5ல வந்த வசதி. நீளப் பக்கம் 2560 புள்ளி வர்ற சின்னப் பிரதியை வச்சு வேலை பாக்கும். டார்க்டேபிளும் திருத்தற நேரத்துல பெரும்பாலும் திரைக்கு வேணுங்கற அளவுக்குத்தான் கணக்குப் போடுது, முழு அளவு கணக்கு கடைசியில ஏற்றுமதி பண்ணும்போதுதான்.

அந்த ஏற்றுமதியை ஏன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும்? மனுசன் காத்திருக்கற வேலை வேற, காத்திருக்காத வேலை வேற. முன்னதுதான் வேகமா இருக்கணும். பின்னதை ராத்திரி இட்லி மாவு மாதிரி விட்டுட்டுத் தூங்கப் போகலாம். காலைல பொங்கியிருக்கும். 300 படத்தைப் புதுப் பொட்டி அரை மணியிலயும் பழசு நாலு மணியிலயும் முடிச்சாலும், நாம முழிக்கறது ஆறு மணிக்குத்தானே மக்கா.

கார்டுல இருந்து இறக்கும்போது மட்டும் எந்த ஓட்டைல சொருகறோம்னு பாருங்க. 1500 ரா படம்னா 42 ஜிபி பக்கம் வரும். யுஎஸ்பி 2 வழியா நொடிக்கு 30 எம்பின்னா 23 நிமிஷம். அதே லேப்டாப்புல நீல நாக்கு வச்ச யுஎஸ்பி 3 ஓட்டை இருந்தா, கார்டும் ரீடரும் நல்லதா இருக்கற பட்சத்துல எட்டு ஒம்பது நிமிஷத்துல முடியும்.

எங்க தாங்காது?

ஒரேயடியா பழசுக்குக் கொடி பிடிச்சா நம்பமாட்டீங்க. தாங்காத இடமும் இருக்கு.

2023ல லைட்ரூம்ல வந்த ஏஐ டீநாய்ஸ் மாதிரி சமாச்சாரங்க கிராபிக்ஸ் கார்டை நம்பி இருக்கறவை. நம்ம பொட்டியில ஒரு படத்துக்கே டீ குடிச்சுட்டு வரலாம், முந்நூறு படத்துக்குத் தோட்டமே போடலாம். போன்ல எடுக்கற 4கே எச்இவிசி வீடியோவும் அப்படித்தான். அந்த வயசு கிராபிக்ஸ்ல அதைப் பிரிக்கற வன்பொருளே கிடையாது, தவழ்ந்து தவழ்ந்துதான் ஓடும். அப்புறம் ஆல்பம் டிசைன். 12க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐன்னா 3600க்கு 10800 புள்ளி. கிட்டத்தட்ட 39 மெகாபிக்சல். போட்டோஷாப்புல லேயர் லேயரா அடுக்கினா பொட்டி மண்டியிட்டுரும்.

திரையையும் சொல்லணும். அந்தக் காலத்து மலிவு லேப்டாப் திரையில தலையை மேல தூக்கினா ஒரு நிறம், கீழ இறக்கினா ஒரு நிறம். அதுல பாத்து தோல் நிறம் சரி பண்ணினா ப்ரிண்ட்ல மாப்பிள்ளை மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருப்பார். வெளிய ஒரு ஐபிஎஸ் மானிட்டர் மாட்டுங்க. நாளைக்குப் பொட்டியை மாத்தினாலும் அது கூடவே வரும்.

மென்பொருள்லயும் ஒரு முள் இருக்கு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேக்குது, இன்டெல்ல எட்டாம் தலைமுறைக்குக் கீழ பெரும்பாலும் சேத்துக்காது. நம்ம பொட்டிக்கு முறைப்படி நேர் வழி இல்ல. லினக்ஸ் மின்ட் போட்டு டார்க்டேபிள், டிஜிகேம், கிம்ப் வச்சுக்கலாம். பத்து நாள் திட்டுவீங்க, அப்புறம் பழகிரும்.

இப்ப விஷயத்துக்கு வரேன்

கோவில்பட்டி பக்கம் சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கற அண்ணாச்சி ஒருத்தர். பழைய பொட்டி, 24 மெகாபிக்சல் கேமரா. கடையில எம்பதாயிரத்துக்கு லேப்டாப் சொல்லியிருக்காங்க. "தம்பி, ஈஎம்ஐ போட்டு வாங்கிரவா?"ன்னு போன்ல கேட்டாரு. நான் திருப்பி ஒரே கேள்விதான் கேட்டேன். "அண்ணாச்சி, போன முகூர்த்தத்து படமெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"பொட்டியிலதாம்ல இருக்கு."

"வேற எங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

இதைத்தான் ஆரம்பத்துல சொன்னேன். மெதுவான பொட்டி உங்க நேரத்தைத்தான் திங்கும். பத்து வருஷமா சுத்தற டிஸ்க்கு ஒரு நாள் நின்னா, அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்தையே தின்னுரும். தாலி கட்டினதை மறுபடி கட்டச் சொல்லி எடுக்க முடியுமா? அந்த வீட்டுத் தாத்தா அடுத்த வருஷம் இருப்பாரான்னு யாருக்குத் தெரியும்? கடையில லேப்டாப் விக்கறவர் இதைச் சொல்லமாட்டார், ஏன்னா எம்பதாயிரம் லேப்டாப்புலயும் அந்தப் படம் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கப்போவுது.

பீட்டர் க்ரோக்ங்கற புகைப்படக்காரர் பிரபலமாக்கின 3-2-1 கணக்கு ஒண்ணு இருக்கு. மூணு பிரதி, ரெண்டு வகையான சாதனத்துல, அதுல ஒண்ணு வேற இடத்துல. ஸ்டுடியோக்காரருக்கு இதை நம்ம ஊர் பாஷையில சொன்னா: பொட்டியில ஒண்ணு, வெளி டிஸ்க்குல ஒண்ணு, இன்னொரு டிஸ்க்கு மச்சான் வீட்டு பீரோவுல. வகை விஷயத்துல அதே கணக்கு இல்லைதான், ஆனாலும் ஒண்ணுமே இல்லாததுக்கு எவ்வளவோ மேல். கார்டை மட்டும் ரெண்டு பிரதி எடுக்கற வரைக்கும் அழிக்கவே கூடாது.

அதனால என் வரிசை இது. கையில இருக்கற காசுல முதல்ல ரெண்டு வெளி டிஸ்க்கு. அடுத்தது எஸ்எஸ்டி, ரேம். அடுத்தது மானிட்டர். அதுக்கப்புறமும் காசு மிஞ்சி, தினமும் ஆல்பமும் வீடியோவும் பண்றீங்கன்னா தாராளமா புதுப் பொட்டி வாங்குங்க, நான் வேண்டாங்கலை. ஆனா இந்த வரிசையைத் தலைகீழாத் திருப்பிராதீங்க.

அண்ணாச்சி ரெண்டு டிஸ்க்கு வாங்கிட்டாரு. எஸ்எஸ்டி அடுத்த முகூர்த்தம் முடிஞ்சதும் போடறேன்னிருக்காரு. பொட்டி இன்னும் மெதுவாத்தான் ஓடுது, மனுசன் நிம்மதியாத் தூங்கறாரு.

டிஸ்கி: இதைப் படிச்சு முடிச்சதும் செய்ய வேண்டிய வேலை ஒண்ணுதான். உங்க கொழந்தையோட முதல் பொறந்தநாள் படம் எத்தனை இடத்துல இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ஒண்ணுன்னு வந்தா, இன்னிக்கே கடைக்குக் கிளம்புங்க.