பழி சுமத்துவது சிகிச்சை ஆகாது

மருந்தை நிறுத்திவிட்டு மதுவுக்கும் கஞ்சாவுக்கும் திரும்பும் மனச்சிதைவு நோயாளிகளைத் திருவனந்தபுரம் ஊளம்பாறை அரசு மனநல மையம் போன்ற இடங்களில் மீண்டும் மீண்டும் சேர்ப்பது வீண் என்னும் வாதம், நோயின் இயல்பையே நோயாளியின் குற்றமாக்குகிறது. தமக்கு நோய் இருப்பதையே உணர இயலாத ‘நோயுணர்வின்மை’யும், மருந்தால் வரும் நடுக்கமும் உடல்பருமனும் மாத்திரையைக் கைவிடச் செய்கின்றன என்பதால், பக்கவிளைவு குறைந்த மருந்துக்கு மாற்றுவதும், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீடித்த பலன்தரும் ஊசியும் உதவுமேயன்றிக் கண்டிப்பு உதவாது. மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநல மருத்துவச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியுள்ளது. ஆகவே, குடியை விட்டபின் வரும்படி ஒருவரைத் திருப்பியனுப்புவது சட்டத்துக்கும் மருத்துவ அறிவுக்கும் முரணானது; இரு சிக்கல்களுக்கும் ஒரே குழு ஒருசேரச் சிகிச்சையளிப்பதே நெறி.