புல்லட்டுக்கு ஹேண்டில்பார் மாற்றப் போகிறீர்களா?

பழைய புல்லட் வாங்கியதும் பலர் முதலில் மாற்றுவது ஹேண்டில்பாரைத்தான். உயரமாக, அகலமாக இருந்தால் கெத்து என்று ஓர் எண்ணம். சேலம், நாமக்கல் பக்கம் இதற்கு வசதியும் அதிகம். லாரி பாடி கட்டுகிற ஊர், பட்டறைகளுக்குப் பஞ்சமா? போட்டோவைக் காட்டினால் அதே மாதிரி குழாயை வளைத்துக் கொடுத்துவிடுவார்கள். வளைவில் குறை இருக்காது. சிக்கல் குழாயின் விட்டத்தில்தான்.

புல்லட் பிறப்பால் ஆங்கிலேய வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. ஆனால் அங்குலக் கணக்கு மட்டும் வண்டியை விட்டுப் போகவில்லை. ஹேண்டில்பாரின் வெளிவிட்டம் 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ.

கடையில் கிடைக்கும் 'அரை இஞ்ச்' தண்ணீர்க் குழாயோ உள்ளளவை வைத்துப் பெயர் பெற்றது. அதன் வெளிவிட்டம் சுமார் 21.3 மி.மீ. 'முக்கால் இஞ்ச்' என்றால் சுமார் 26.9. ஒன்று கிளாம்புக்குள் ஆடும், மற்றது நுழையவே நுழையாது. ஆடுகிற குழாய்க்குத் தகரத்தைச் சுற்றி முடுக்கிவிடுவது வழக்கம். ஹார்லி வகை பாரும் உதவாது, அது 1 அங்குலம், 25.4 மி.மீ.

ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். சமவெளியில் ஒன்றும் தெரியாதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பாருங்கள்! ஒவ்வொரு பிரேக்கிலும் ஓட்டுபவரின் எடை கைகள் வழியாக பார் மீது விழும. அப்போது பார் கிளாம்புக்குள் சுழன்றால் லீவர்கள் விரலுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? உயரமான பாருக்குப் பழைய கேபிள்கள் எட்டாது. முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு, கை திருகாமலே இன்ஜின் உறுமும். பாரின் நுனியில் நேரான பகுதி குறைவாக இருந்தால் லீவர், சுவிட்ச், கைப்பிடி மூன்றும் உட்காராது. தாழ்வான பார் என்றால் திருப்பும்போது கட்டைவிரல் பெட்ரோல் டேங்கில் நசுங்கும்.

செய்ய வேண்டியது எளிது. பழைய பாரைக் கழற்றி உடன் எடுத்துச் செல்லுங்கள். பிளஸ் ஒன் இயற்பியல் லேபில் மார்க்குக்காகப் பிடித்த வெர்னியர் காலிப்பரை இங்கே உயிருக்காகப் பிடியுங்கள். விட்டம், மொத்த அகலம், உயரம், நுனியின் நேர்ப்பகுதி ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, அந்த வண்டிக்கென்றே செய்த பாரை வாங்குங்கள். மாட்டியபின், இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சத்தம் மாறக்கூடாது, எதுவும் இழுபடக்கூடாது.

அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அளவுக்குள் எத்தனையோ அழகான பார்கள் இருக்கின்றன. தகரம் சுற்றித்தான் நிற்கும் என்றால், அந்த பார் அந்த வண்டிக்கானது இல்லை. அவ்வளவுதான்.