தொழிலாளி ஏறும் வண்டி

அயல்தேசங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறவர்கள் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. சிங்கப்பூரில் ரயில் நிமிஷம் தவறாமல் வருகிறது. கோலாலம்பூரின் கட்டடங்கள் வானை முட்டுகின்றன. இலங்கையின் மலைப்பாதையில் ரயிலேறிச் சென்றால் கண்கொள்ளாக் காட்சி. இவை யாவும் மெய்யே. ஆயினும் நன்னிலம் தாலுகாவிலிருந்து கடல் கடந்து செல்வோரில் மிகப் பலர் உழைத்துப் பிழைக்கச் செல்கிறவர்கள். அவர்கள் எந்த வண்டியில் வேலைக்குப் போகிறார்கள், எங்கே உறங்குகிறார்கள், வேலை முடிந்த மாலையில் யாருடன் அமர்ந்து உண்கிறார்கள் என்பவற்றைக் கொண்டு ஒப்பிட்டால்தான் அந்தத் தேசங்களின் தராதரம் விளங்கும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்தப் போக்குவரத்து நேற்று ஏற்பட்டதன்று. 1926-ஆம் வருஷத்தில் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' என்னும் கப்பல், 1973 வரையில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுகொண்டிருந்தது. மேல்தட்டுக்காரர்களுக்கு அறை, மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கப்பல் தளமே பாய். அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழி அற்றுப்போயிற்று. இன்று நன்னிலத்து வாலிபன் திருச்சிராப்பள்ளிக்குப் போய் ஆகாய விமானம் ஏறுகிறான். சுமார் ஒரு வாரம் பிடித்த பிரயாணம் நாலைந்து மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. கடலைக் கடக்கும் வழி இவ்வளவு திருந்தியிருக்க, கரையேறிய பின் அவன் வேலைக்குப் போகும் வழி எவ்வளவு திருந்தியிருக்கிறது என்பதே நமது கேள்வி.

இப்படிப்பட்ட விசாரணையை நமது பக்கத்து ஊர்க்காரர் ஒருவரே முன்னர் நடத்தியிருக்கிறார். நன்னிலத்துக்கு மேற்கேயுள்ள வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், இந்திய சர்க்காரின் சார்பில் மலாயாவுக்குச் சென்று, ரப்பர் தோட்டங்களில் உழைத்த நம்மவர்களின் நிலையைப் பார்வையிட்டார். 1937-இல் வெளியான அவருடைய அறிக்கை, ஆணுக்கு 50 சென்டும் பெண்ணுக்கு 40 சென்டுமான தினக்கூலியைத் திரும்பவும் கொடுக்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. தோட்ட முதலாளிகளிடம் அவர் மிதமிஞ்சிய தாட்சண்யம் காட்டினார் என்ற கண்டனம் அப்பொழுதே எழுந்தது. மறு வருஷம், 1938-இல், உடலுழைப்புக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்திவிட்டது.

கூலிக் கணக்கு மட்டும் போதாது என்பதை 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் உலகுக்கு உணர்த்தினார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒழிய வேண்டும் என்பதே அது. அதற்காகத் துப்பாக்கிப் பிரயோகத்தையும் எதிர்கொண்டார்கள். அவர்களுடைய தலைவர் நாதன் நாடு கடத்தப்பட்டார். ஒரு மனிதன் எந்த வாகனத்தில், எப்படி வீற்றிருந்து போகிறான் என்பது அவனுடைய மானத்தைச் சேர்ந்த விஷயம் என்று எழுத்தறியாத தோட்டக்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

இப்பொழுது சிங்கப்பூரைப் பார்ப்போம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. நாலு பேருக்குப் புரியும் ஒழுங்கும் நியாயஸ்தலமும் உண்டு. மோட்டாரில் ஏறுகிறவன் வார் கட்டிக்கொள்ளாவிடில் அபராதம். அதே சாலையில், நமது தொழிலாளி சாமான் லாரியின் பின்தட்டில் குந்திக்கொண்டு போவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மேற்கூரையும் உயர்ந்த பக்கத் தடுப்பும் வேண்டுமென்று 2011 முதல் விதி வந்தது. ஆசனமும் வாரும் வரவில்லை. 2021 ஏப்ரலில் அவ்விதம் சென்ற ஒரு லாரி, நின்றிருந்த மற்றொரு லாரியில் மோதி இரண்டு தொழிலாளர்கள் மாண்டனர். 2023-இல் தொழிலாளர் நல ஸ்தாபனங்கள் பல ஒன்றுகூடி இந்த வழக்கத்தைத் தடை செய்யக் கோரின. தடை செய்தால் சிறிய கம்பெனிகள் தாங்க மாட்டா, வீடு கட்டும் வேலைகளும் ரயில் பாதை வேலைகளும் தாமதப்படும், செலவு ஏறும் என்று அரசாங்கம் விடை கூறியது. அந்த ரயில் பாதையை அமைக்கப் போகிறவனே லாரியின் பின்தட்டில் போகிறான் என்பதை அந்த விடை மறந்துவிட்டது.

தங்குமிடமும் இதைப் போன்றதே. பெரிய தொழிலாளர் விடுதிகள் நகரின் நடுவே இல்லை; ஓரங்களில் இருக்கின்றன. ஆகையால் விடியுமுன் வேலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியே அவர்களுக்குக் கதி. 2020-இல் கொரோனா வியாதி பரவியபோது விடுதிகளில் சுமார் 3,23,000 பேர் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 47 பேரை அது பற்றியதாக அரசாங்கமே பின்னர் அறிவித்தது. அதன் பிறகு, புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாதென்று விதித்தார்கள். இது நல்ல திருத்தமே. ஆனால் அதற்கு ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது.

பாலத்துக்கு அப்பால் மலேசியா. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் வழியே லட்சக்கணக்கான மலேசியர்கள் நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். விடியுமுன் புறப்பட்டு, கடவுச்சீட்டுச் சாவடியில் நெரிசல் பட்டு, ராத்திரி வீடு திரும்புவது கஷ்டமான வாழ்க்கைதான். எனினும் அவர்களிற் பலர் சொந்த மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். சொந்த வீட்டில் பெண்டு பிள்ளைகளோடு உண்கிறார்கள். ஒரே நகரில், ஒரே வேலையைச் செய்யும் நன்னிலத்தானுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மலேசியாவிலும் அன்னியத் தொழிலாளிக்கு வேறு அளவுகோல் உண்டு. தலைநகர் வட்டாரத்தில் மாதம் 50 ரிங்கிட் கட்டினால் ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை முறையும் போகலாம் என்ற சலுகை, அந்நாட்டுப் பிரஜைகளுக்கென்றே ஏற்பட்டது. எனினும் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய 1990-ஆம் வருஷத்துச் சட்டத்தை 2019-இல் திருத்தி, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும் இருந்த பொறுப்பை மற்றத் தொழில்களின் முதலாளிகள் மீதும் சுமத்தியது பாராட்டத்தக்கது.

இலங்கையின் கதை வேறு. காப்பித் தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் பொருட்டு 1867-இல் கண்டி வரைக்கும் ரயில் போட்டார்கள். பின்னர் தேயிலையின் பொருட்டு அது பதுளை வரையில் நீண்டது. அதே தோட்டங்களுக்கு உழைக்கச் சென்ற நம்மவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்தார்கள். வழியில் மடிந்தவர் பலர். மூட்டைக்கு ரயில், மனிதனுக்குக் காட்டுப் பாதை! அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய சந்ததியாருக்கு 1948-ஆம் வருஷத்துச் சட்டம் பிரஜா உரிமையை மறுத்தது. 1964-இல் இரு சர்க்கார்களும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். இன்று உலகத்தார் படம் பிடிக்கும் அந்த மலை ரயிலின் இருபுறமும், லயன் அறைகளில் வசிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி நின்றுபோன கப்பல் 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியதில் நமக்கு மகிழ்ச்சியே. உறவினரைக் காணவும் சிறு வியாபாரம் செய்யவும் ஏழை ஏறத்தக்க கப்பலாக அது நிலைபெறுமானால் மகிழ்ச்சி இரட்டிக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நமது வாசலைப் பாராமல் இருப்பது நியாயமாகுமா? மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து நடவு தொடங்கியதும், நன்னிலம், குடவாசல், பேரளம் பக்கத்துச் சாலைகளில் விடியற்காலையில் நின்று பார்ப்போமாக. நெல்மூட்டையும் உரமூட்டையும் ஏற்றும் சிறு லாரிகளில், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இன்றி, நடவுக்குப் போகும் பெண்கள் நெருக்கி நிற்கிறார்கள். சிங்கப்பூர் லாரிக்காவது மேற்கூரை உண்டு. இங்கே சாமான் வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டவிரோதம்; ஆயினும் கண் முன்னே நடக்கிறது. 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையென்று மாநில சர்க்கார் செய்த ஏற்பாடு மிகவும் உயர்ந்தது. ஆனால் நடவுக்காரி வயலில் இறங்கவேண்டிய வேளைக்கு முன், அந்த வயல் இருக்கும் கிராமத்துக்குப் பஸ் இல்லையென்றால், இலவசச் சீட்டினால் அவளுக்கு என்ன பயன்? செருப்பணிந்து சைக்கிளில் மேலத்தெரு வழியே போகக் கூடாதென்று பண்ணையாள்களைத் தடுத்த ஊர்கள் இந்தத் தஞ்சைச் சீமையிலும் இருந்தன. கிள்ளான் தோட்டத்து வெள்ளைக்காரனுடைய ஆணவத்தைக் கண்டிக்கும் நாம் அதை மறத்தலாகாது.

ஆகவே செய்யத்தக்கவை எவை? முதலாவது, சிங்கப்பூர் அரசாங்கத்தோடு பேசும்போதெல்லாம் லாரிப் பிரயாணத்துக்கு ஒரு கெடு விதிக்கும்படி இந்திய சர்க்கார் வற்புறுத்த வேண்டும். வர்த்தகத்தைப் பற்றிப் பேச வாய் உண்டென்றால் வர்த்தகத்தைச் சுமக்கும் மனிதனைப் பற்றியும் பேசலாம். இரண்டாவது, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்குப் போகுமுன் சர்க்காரின் அனுமதி பெறவேண்டிய தேசங்களின் ஜாபிதாவில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கேனும் அந்தப் பாதுகாப்பை விஸ்தரிக்க வேண்டும். ஏஜெண்டுகள் 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கலாகாதென்ற விதி ஏட்டில் இருக்க, நிலத்தை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போகிறவன் லாரியில் ஏற மாட்டேன் என்று எப்படிச் சொல்லுவான்? கடன்தான் அவனுடைய வாயைக் கட்டுகிறது. மூன்றாவது, நடவு காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வேலை நேரத்துக்குத் தக்கபடி விடியற்காலைப் பஸ்களை விடவேண்டும். பஸ் விடாமல் சாமான் வண்டியை மட்டும் பிடித்து அபராதம் போட்டால், அந்த அபராதம் நடவுக்காரியின் கூலியிலிருந்தே கழியும்.

இந்த மூன்றாவது காரியத்துக்கு எந்த அயல்நாட்டாருடைய சம்மதமும் தேவையில்லை. இதை அடுத்த நடவுக்குள் செய்து காட்டும்படி நமது தாலுகாவின் பொதுஜன ஊழியர்கள் கிராமந்தோறும் கேட்கத் தொடங்க வேண்டும். உள்ளூரில் நமது பெண்களுக்கு உட்கார ஆசனம் கொடுத்துவிட்டோமானால், சிங்கப்பூரிடம் அதே ஆசனத்தைக் கேட்கும் நமது குரலுக்கும் வலிமை உண்டாகும்.