கோபுரமா, கைப்பிடியா?

வருகிற மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் சபைக் கூட்டம். எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். கூட்டத்தில் பேசப்போவது ஒரே விஷயம். பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவதா, வேண்டாமா?

போன வருடம் வரை நானும் கட்டவேண்டும் என்ற கட்சிதான். இப்போது வேண்டாம் என்கிறேன். வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, புத்தி மாறுகிறது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். மாறியதற்குக் காரணம் உண்டு, அதை எழுதிவிடுகிறேன்.

தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. என் தாத்தா பனையேறி. அப்பா மிஷன் பள்ளியில் படித்தார். நான் வாத்தியார் ஆனேன். என் மகன் பெங்களூரில் இருக்கிறான். ஏறக்குறைய எல்லா வீட்டுக் கதையும் இதுதான். சபைப் பதிவேட்டில் 300 குடும்பங்களுக்கு மேல் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்கள் 70 பேர். அதில் நரைக்காத தலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அசனத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் வந்து கோயில் நிரம்பும். முற்றத்தில் பந்தல் போட்டாலும் இடம் போதாது.

அப்படி வந்த பிள்ளைகள்தான் புதுக் கோயில் பேச்சை ஆரம்பித்தார்கள். ஆயிரம் பேர் உட்காரலாம், 120 அடியில் கோபுரம் என்று வரைபடம் வந்தது. அதைக் கோயில் வாசலில் மாட்டியும் வைத்தார்கள். என் மகன் ஒரு லட்சம் தருவதாகச் சொன்னான். “ஒரு தூணில் அம்மா பேர் இருக்கணும் அப்பா” என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

இந்தச் சமயத்தில்தான், ஓய்வாக இருக்கிற ஆள் என்று சங்கக் காணிக்கை பாக்கியை வசூலிக்கும் வேலையைக் கமிட்டியார் என்னிடம் கொடுத்தார்கள். பட்டியலில் ஒரு அம்மாளின் பேருக்கு நேராக எட்டு மாதப் பாக்கி என்று எழுதியிருந்தது. பனை ஓலையில் பெட்டி முடைந்து பிழைத்தவர், விதவை. வீடு கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. போய்ப் பார்த்தேன்.

“கோயிலுக்கு வர்றதில்லையாம்மா?” என்று கேட்டேன்.

“ஆசதான்யா. நாலு படி ஏற முட்டு விடமாட்டேங்கு. கீழ நின்னா பாட்டு கேக்கும், பிரசங்கம் கேக்காது. அதான் மணிச்சத்தம் கேட்டதும் இங்கனயே உக்காந்து ஜெபம் பண்ணிக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு, முதியோர் பென்ஷனில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணத்தை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்தார். நான் அவசரமில்லை என்றேன். “இல்லய்யா, வாங்கிக்கிடுங்க. நாளைக்கி நான் போய்ட்டா பாக்கின்னு சொல்லி மணி அடிக்காம வுட்டுரக் கூடாதுல்லா” என்றார்.

ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த அம்மாள் எட்டு மாதம் பணம் கட்டவில்லை என்பது எங்கள் நோட்டில் இருந்தது. எட்டு மாதம் ஆராதனைக்கு வரவில்லை என்பது யார் நோட்டிலும் இல்லை. நானும் வாரம் தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பியவன், இதைக் கவனிக்கவில்லை. பிறகு தெருத் தெருவாகப் போய் விசாரித்தேன். அவரைப்போல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் 23 பேர்.

மாற்றமே கூடாது என்று சொல்கிற கிழவன் இல்லை நான். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாகி ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டும் மற்றவர்களும் ஒன்றானபோது, இனி பழைய ஆராதனை முறையெல்லாம் போய்விடும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கவலைப்பட்டதாக அப்பா சொல்வார். சபை போய்விடவில்லை. 2013ல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியாலின் பேராயரானார். ஒரு பெண் பேராயரா என்று முணுமுணுத்தவர்களும் பழகிக்கொண்டார்கள். பாட்டின் வரிகளைத் திரையில் போடலாம் என்று எங்கள் வாலிபர்கள் கேட்டபோது மூன்று வருடம் மறுத்தோம். மறுத்தவர்களில் நானும் உண்டு. இப்போது கண்ணாடியை மறந்துவிட்டு வருகிற நாட்களில் அந்தத் திரையைப் பார்த்துத்தான் பாடுகிறேன்.

நம் முன்னோர்களும் பெரிய கோயில் கட்டினார்களே என்று கேட்பார்கள். கட்டினார்கள். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 30 வருடத்துக்கு மேல் பாடுபட்டுக் கட்டிய கோயில் 1880ல் பிரதிஷ்டை ஆனது. அன்று ஆட்கள் வந்தார்கள், இடம் போதவில்லை, கட்டினார்கள். இன்று இடம் இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. வருடத்தில் இரண்டு நாள் கூட்டத்துக்குப் பந்தல் போதும்.

அதே முன்னோர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் சீமைக்கு இங்கிருந்து ஊழியர்களை அனுப்பினார்கள். வேறு மொழிக்காரர்களைத் தேடி அவ்வளவு தூரம் போன சபை நம்முடையது. இன்று இரண்டு தெரு தள்ளி இருக்கிறவரைத் தேடிப் போக நமக்கு நேரமில்லை. என் அம்மா உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைப் பானையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவாள். அந்த அரிசி யாருக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே கூட்டத்தில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான். கோயிலை இடிக்க வேண்டாம். ஒழுகுகிற கூரையைச் சரி செய்வோம். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் பிடித்து ஏறக் கைப்பிடியும் வைப்போம். ஞாயிறுதோறும் ஒரு ஆட்டோவுக்கு வாடகை கொடுப்போம். மீதிப் பணத்தை வங்கியில் போட்டு, வட்டியில் தனியாக இருக்கிற முதியவர்களுக்கு மருந்தும் ஒருவேளைச் சாப்பாடும் கொடுப்போம். ஊரிலேயே தங்கிவிட்ட வாலிபர்கள் 11 பேர் இருக்கிறார்கள். கமிட்டியில் அவர்களுக்கு இரண்டு இடம் கொடுப்போம். நாளைக்கு இந்தச் சபையை நடத்தப்போகிறவர்கள் அவர்கள்தானே?

வெளியூர்ப் பிள்ளைகளின் பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊரை நினைத்து ஏங்குகிறவனுக்கு, தூரத்திலிருந்தே தெரிகிற கோபுரம் ஆறுதல்தான். ஆனால் இந்தக் கோபுரத்தின் அடியில் வருடம் முழுவதும் இருக்கப்போவது அவர்களைப் பெற்றவர்கள்.

மகனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ அம்மா பேர் எங்கப்பா இருக்கும்?” என்றான். கடைசி இரண்டு வருடம் அவளைக் கைத்தாங்கலாக அந்த நாலு படியும் ஏற்றியவன் நான்தான், அது உனக்குத் தெரியாது என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டான். இன்னும் பதில் வரவில்லை.

கூட்டத்தில் என் பேச்சு எடுபடாமலும் போகலாம். போனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளுக்கும் சொல்லியாயிற்று. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் வாலிபர் ஒருவரும் பிடித்துக்கொண்டால் நாலு படி ஏறிவிடலாம்.