மல்பெரிக்கு 15 ஆண்டு. இறக்குமதி வரிக்கு எத்தனை?

பெறுநர்:
வணிகத் துறை,
மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகம்,
புது தில்லி.



2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் பிரதமர் நரேந்திர மோடி, ‘ஆர்செப்’ எனப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மையில் இந்தியா சேரப்போவதில்லை என்று அறிவித்தார். அன்றைய ஆசியான் நாடுகள் பத்து, அவற்றோடு சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா என 16 நாடுகள் 2012 முதல் பேசிவந்த ஒப்பந்தம் அது. ஏழு ஆண்டுகள் பேசிவிட்டு, கையெழுத்திடும் கட்டத்தில் நாம் விலகினோம். மற்ற 15 நாடுகளும் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா விரும்பினால் வரலாம் என்று கதவைத் திறந்தும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கதவைப் பற்றித்தான் மைசூருவிலிருந்து இந்த மடலை எழுதுகிறோம்.

விலகியது சரி என்பதே எங்கள் நிலை. 2019 அக்டோபரில் விவசாயிகள் அமைப்பான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தார் தெருவுக்கு வந்தார்கள். மைசூரு மாவட்டத்துக்காரரான காங்கிரஸ் தலைவர் சித்தராமையா எதிர்த்தார். ஆர்.எஸ்.எஸ். சார்ந்த சுதேசி ஜாகரண் மஞ்சும் இடதுசாரி விவசாயச் சங்கமும் ஒரே பக்கம் நின்றன. இந்த நாட்டில் அது அடிக்கடி நடக்கும் காரியமல்ல. எல்லோர் வாயிலும் இருந்த சொல் பால். நியூசிலாந்து தன் பாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதிக்காகவே கறக்கும் நாடு. இங்கே ஹுணசூரிலோ டி. நரசிபுராவிலோ இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பம், காலையிலும் மாலையிலும் ஊர்ச் சங்கத்தில் பால் ஊற்றி, அந்தப் பணத்தில்தான் மளிகைக் கடன் அடைக்கிறது. அந்தக் குடும்பத்தை நியூசிலாந்துப் பால்பவுடரோடு மோதவிடக் கூடாது என்பதை மறுத்துப் பேச எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. முடிவு வந்த பிறகு ஆளுங்கட்சியும் காங்கிரசும் அதற்கு உரிமை கொண்டாடின.

பட்டைப் பற்றி அவ்வளவு பேர் பேசவில்லை. எங்கள் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது.

மைசூரு அரசுப் பட்டு நெசவாலை 1912இல் நாலுவாடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் எழுந்தது. மத்திய அரசின் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் இதே ஊரில் இருக்கிறது. 1990களில் ஜப்பானிய உதவியோடு வெண்பட்டு இனக் கலப்புகளையும், இலை மிகுந்த வி-1 மல்பெரி ரகத்தையும் உருவாக்கித் தந்தவர்கள் அங்கிருந்த விஞ்ஞானிகள். கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகள் வளர்க்கும் பட்டுக்கூடு ராமநகரச் சந்தைக்கு ஏறுகிறது. கர்நாடகத்தில் நூற்ற நூல் காஞ்சிபுரம் தறிக்கு இறங்குகிறது. மாநில எல்லை இந்தத் தொழிலைப் பிரித்ததே இல்லை.

மல்பெரியை ஒருமுறை நட்டால் ஏறக்குறைய 15 ஆண்டுகள் நிற்கும். புழு வளர்ப்பு மனை கட்ட வேண்டும், தாங்கிகள் வாங்க வேண்டும், சொட்டுநீர்க் குழாய் போட வேண்டும். இவற்றையெல்லாம் கடனில் செய்துவிட்டு, புழு விட்ட ஒரு மாதத்துக்குள் கூடு கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஒரு விவசாயி இறங்குகிறார். உங்கள் பக்கத்தில் நடந்தது என்ன? 2011 நிதிநிலை அறிக்கையில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து ஒரே நாளில் 5 ஆனது. சீன நூல் வந்து இறங்க, ராமநகரத்தில் கூடு விலை சரிந்தது. போராட்டங்களுக்குப் பிறகு 2013இல் 15 ஆனது. இடையில் 10க்கு இறங்கி, 2021இல் மறுபடி 15 ஆனது. ஒரு மல்பெரித் தோட்டத்தின் ஆயுளுக்குள் வரி இத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறது. பல விவசாயிகள் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போனதில் வியப்பில்லை.

நெசவாளர்களுக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத நாங்கள் விரும்பவில்லை. விசைத்தறியில் பாவு நூல் அறாமல் ஓட வேண்டும். நம் மஞ்சள் கூட்டு நூல் அதற்குப் பெரும்பாலும் தாங்காது. சீன வெண்பட்டு நூல் தாங்கும், சீராகவும் இருக்கும். வரி ஏறினால் வாரணாசியிலும் காஞ்சிபுரத்திலும் நெசவுக் குடும்பத்தின் செலவு ஏறுகிறது. நூற்பாளர் நடுவில் நிற்கிறார்: கூடு விலை உயர்ந்தாலும் அவருக்கு அடி, நூல் விலை தாழ்ந்தாலும் அவருக்கு அடி. ஆக, ஆர்செப் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை தில்லிப் பொருளாதார வல்லுநர்களுக்கும் விவசாயச் சங்கங்களுக்கும் இடையில் மட்டும் நடப்பதல்ல. ஒரே சேலையின் கூட்டுக்கும் நூலுக்கும் தறிக்கும் இடையிலும் அது நடக்கிறது. இதைத் தீர்க்க வரி மட்டும் போதாது, வெண்பட்டு உற்பத்தி பெருக வேண்டும். விலகிய 2019க்குப் பிறகு கிடைத்த அவகாசம் அதற்கானது.

ஹெப்பாள், கூர்கள்ளி, நஞ்சன்கூடு தொழிற்பேட்டைகளில் கேட்டால் இன்னொரு குரல் வரும். வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைத்தால்தான் இங்கே பொருத்தி ஏற்றுமதி செய்ய முடியும், வியட்நாம் முன்னால் ஓடுகிறது என்பார்கள். சுர்ஜித் பல்லா தலைமையிலான உங்கள் ஆலோசனைக் குழுவே 2019இல் சேர்வதற்கு ஆதரவாகத்தான் எழுதியது. 2024இல் உலக வங்கி மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அமைச்சர் பியூஷ் கோயல் மறுத்தார். அதே ஆண்டு நவம்பரில் நிதி ஆயோக் தலைமை நிர்வாகி சேர வேண்டும் என்றார். ஒரே அரசின் இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாகப் பேசினால், 15 ஆண்டுச் செடி நடப்போகிறவர் யாரை நம்புவது?

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். அந்தப் பத்து ஆசியான் நாடுகள், ஜப்பான், தென்கொரியா ஆகிய 12 நாடுகளோடும் 2010, 2011லிருந்தே நமக்குத் தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் உள்ளன. ஆஸ்திரேலியாவோடு 2022இல் கையெழுத்தானது. நியூசிலாந்தோடு பேச்சு முடிந்ததாக 2025 டிசம்பரில் அறிவித்தீர்கள். இந்த இரண்டிலும் பாலுக்கு விலக்கு வாங்கியிருக்கிறீர்கள், மனமார வரவேற்கிறோம். மீதி இருப்பது சீனா ஒன்றுதான். அப்படியென்றால் இனி ஆர்செப்பில் சேர்வது என்பதன் பொருள் சீனாவோடு வரியைக் குறைப்பது. 2019இல் பாலை முன்னிறுத்தி நடந்த வாதம் இப்போது பழசாகிவிட்டது. இந்த முறை முன்வரிசையில் நிற்கப்போவது பட்டு. உலகிலேயே மிகுதியாகப் பட்டு விளைவிக்கும் நாடு சீனா, அடுத்தது நாம்.

அந்த ஏழு ஆண்டுப் பேச்சில் இந்தியா எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி குறைக்க முன்வந்தது என்ற பட்டியலை நீங்கள் மக்கள் முன் வைக்கவில்லை. பால் விவசாயியும் பட்டு விவசாயியும் கசிந்த செய்திகளை வைத்துக்கொண்டு போராடினார்கள். சேரப்போனதற்கும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை, விலகியதற்கும் இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. 2016இல் மக்கள் 51.9 விழுக்காடு வாக்களித்து வெளியேறச் சொன்ன பிறகும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் அரசு தானாக அதைத் தொடங்க முடியாது என்று 2017 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் பட்ட பாடு உலகறிந்தது. குடும்பங்களுக்குள்ளேயே பிளவு வந்தது. ஆனாலும் எதற்காகச் சண்டை என்பது அவர்கள் முன்னால் அச்சில் இருந்தது. நம் அரசியல் சாசனத்தில் வெளிநாட்டு ஒப்பந்தம் மத்தியப் பட்டியலின் 14ஆவது இனம், வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14ஆவது இனம். ஒப்பந்தம் போடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. விளைவைச் சுமப்பது பெங்களூரும் சென்னையும்.

சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்பதைக் காட்டும் பூர்வீகச் சான்று விதிகளில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டமே சாட்சி. இலங்கையோடு நமக்குள்ள ஒப்பந்தத்தின் வழியே வியட்நாம் மிளகு வந்து குவிவதாகக் குடகு மிளகு விவசாயிகள் கத்திக் கத்தி ஓய்ந்த பிறகே, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தீர்கள். அதற்குள் கொடியை நம்பியிருந்த பலர் நட்டப்பட்டிருந்தார்கள். ஆசியான் நாடு ஒன்றின் முத்திரையோடு சீனப் பட்டுத் துணி வந்து இறங்கினால் அதை எந்தத் துறைமுகத்தில், எந்தச் சோதனையால் பிடிப்பீர்கள் என்பதை இன்றே எழுதிச் சொல்லுங்கள்.

சீனாவோடு வரிக் குறைப்பு பற்றி எந்த மேசையில் பேச உட்கார்ந்தாலும், கச்சாப் பட்டு, பட்டு நூல், பட்டுத் துணி ஆகிய மூன்றுக்கும் நீங்கள் தரவிருக்கும் சலுகையை முன்கூட்டியே கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள். அதைக் கர்நாடக, தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு அனுப்பி எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். ராமநகரச் சந்தையிலும் காஞ்சிபுரத்திலும் உங்கள் அதிகாரிகள் வந்து உட்கார்ந்து, கூடு விற்பவரையும் நூல் வாங்குபவரையும் ஒரே கூட்டத்தில் கேட்கட்டும். கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை நிதி அமைச்சகத்தோடு பேசி ஒரு மல்பெரித் தோட்டத்தின் ஆயுளுக்காவது நிலையாக வையுங்கள். மாற்ற வேண்டிவந்தால் இரண்டு ஆண்டு முன்னறிவிப்புக் கொடுங்கள். அடுத்த நடவுப் பருவத்துக்குமுன் உங்கள் பதில் வந்தால் அதை முழுமையாக இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு,
மைசூரு